வாலின் அடிப்பக்கம்

செப்டம்பர் 11, புதன்

வேட்டை உரிமம் எடுக்கிறவர்களுக்கான வகுப்பு முடிந்து இப்போதுதான் வந்தேன். தொண்டை கட்டிவிட்டது. காலையில் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை அதட்டுவது, மாலையில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் அவர்களின் அப்பாக்களை அதட்டுவது. எனக்கென்று அமைந்த வேலை.

பெரிய மீசைக்காரர் ஒருத்தர், கரும்புத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர், நான் படத்தைத் தூக்கிக் காட்டியதுமே "பட்டைக்கழுத்துப் புறா! அதுக்கு மட்டும் கணக்கு கிடையாது, எத்தனை வேணா சுடலாம்!" என்று கத்தினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அதான் கழுத்துல கறுப்புப் பட்டை இருக்கே டீச்சர்." நான் விடவில்லை. "உங்க மீசையை மட்டும் பார்த்துட்டு உங்க அண்ணன்னு நினைச்சு ஒருத்தன் சுட்டா சும்மா இருப்பீங்களா?" கூடமே சிரித்தது. மனிதர் முகம் தொங்கிவிட்டது. கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் மறக்க மாட்டார்.

அந்த நேரம் பார்த்து மாமியாரும் சிரித்தாள். ஹெ ஹெ ஹெ என்று, கூண்டுக்குள்ளிருந்து, அந்த ஆளைப் பார்த்தே. மறுபடியும் சிரிப்பு.

மாமியார் ருமால்தோவின் கூண்டுப் புறா. சந்தையில் குஞ்சாக வாங்கியது. முட்டி போனதிலிருந்து அவர் வேட்டைக்கு வருவதில்லை. பின்தாழ்வாரத்தில் உட்கார்ந்து தனியாக டோமினோ ஆடுவார். அவர் தப்பான கட்டையை வைக்கும்போதெல்லாம் அது சிரிக்குமாம். அதனால் அந்தப் பெயர். ஒவ்வொரு வருஷமும் வகுப்புக்குக் கூண்டோடு கொண்டுவருவார். நான் அதைக் கையில் எடுத்துத் திருப்பி, வாலின் அடிப்பக்கத்தைக் காட்டுவேன். காட்டுப் பட்டைக்கழுத்துக்கு அங்கே, வால் தொடங்கும் இடத்தில், கறுப்பு. வீட்டில் வளர்ப்பதற்கு வெள்ளை. கழுத்துப் பட்டை ரெண்டுக்கும் ஒன்றுதான். "கழுத்தை நம்பாதீங்க, வாலைப் பாருங்க" என்று இன்றைக்கும் சொன்னேன்.

திரும்பும்போது ருமால்தோ, "கொமாத்ரே, உங்க கண்ணு மட்டும் எனக்கு இருந்தா டோமினோவுல தோற்கவே மாட்டேன்" என்றார். என் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்ற நாளிலிருந்து நான் அவருக்குக் கொமாத்ரே, அவர் எனக்குக் கொம்பாத்ரே. பேர் சொல்லிக் கூப்பிட்டே வருஷக்கணக்காகிறது.

செப்டம்பர் 14, சனி

புறா வேட்டைப் பருவம் திறந்தது! சூரியகாந்தி வயலோரம் எல்லாரும் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். என்ன வெயில். ஆனால் புறா கொட்டியது. என் புருஷன் ஹிலாரியோ, அவன் தம்பிகள், எல்லாரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். நான் "வெள்ளைச்சிறகுப் புறா" என்றால் துப்பாக்கி எழும். "விடு" என்றால் இறங்கும். மனுஷன் வேறெதிலும் என் பேச்சைக் கேட்டதில்லை.

வெயில் சாய்கிற நேரம் மேற்கேயிருந்து தனியாக ஒன்று வந்தது. மெதுவாக, அவசரமே இல்லாமல். "என்ன அது?" என்றான் ஹிலாரியோ. "பட்டைக்கழுத்து" என்றேன், சுட்டேன். ஒரே வெடி. நல்ல கொழுத்த பறவை, கொஞ்சம் வெளிறியிருந்தது, வெயிலில் வெளுத்திருக்கும். வால் கொஞ்சம்கூடச் சிதையவில்லை. வகுப்புப் பலகையில் இருக்கிற பட்டைக்கழுத்து வாலைப் பூச்சி தின்றுவிட்டதே என்று, இருட்டில் அவசரமாக அதை அறுத்து உப்புத் தடவி, அட்டையில் விரித்து ஷெட்டில் வைத்தேன்.

இரவு எங்கள் வீட்டு முற்றத்தில் சீமைக்கருவேலங் கரி மூட்டி, நெஞ்சுக்கறியை மிளகாய்க்குள் அடைத்து, பேக்கன் சுற்றி, வழக்கம்போல. ருமால்தோவும் அவர் மனைவி லுடிவினாவும் வந்தார்கள். ருமால்தோ விரலை நக்கிக்கொண்டே, "இந்த வருஷம் புறா கொழுத்திருக்கு கொமாத்ரே" என்றார். தட்டை மறுபடி நீட்டினார். நானே போட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் லுடிவினா போன் பண்ணினாள். மாமியாரைக் காணோம். நேற்று மதியம் கூண்டு கழுவும்போது கதவைத் திறந்து வைத்தாளாம்; எப்போதும்போல வீட்டுக்குள்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கும் என்று நினைத்து எங்கள் வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டார்களாம். காலையில்தான் தெரிந்ததாம். "அவர் தெருத்தெருவா சீட்டி அடிச்சுக்கிட்டுப் போறாரு கொமாத்ரே. பார்க்கவே முடியல."

"வந்துரும், பசிச்சா வந்துரும்" என்று சொன்னேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நேற்று தனியாக வந்த அந்த வெளிறின பறவை நினைவுக்கு வந்தது.

ஷெட்டுக்குப் போனேன். அட்டையிலிருந்து வாலை எடுத்தேன். திருப்பினேன்.

வெள்ளை.

அடியோடு வெள்ளை. ஓரத்து இறகும் வெள்ளை. கறுப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

புதன்கிழமை இதே வாலைத்தான் என் கையால் விரித்து ஊருக்கே காட்டினேன். இதே வால். மூணு நாள்ல மறந்துபோச்சா உனக்கு? பயமில்லாம வந்துச்சே, ஏன்னு யோசிச்சியா? மனுஷங்கள பார்த்துப் பழகின பறவைடீ அது. எங்களப் பார்த்துத்தான் வந்திருக்கு. வாலைப் பாருங்க வாலைப் பாருங்கன்னு ஊருக்கெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு — கழுத்தைப் பார்த்துச் சுட்டிருக்கேன். அந்த மீசைக்காரர் முன்னாடி என்ன ஆட்டம் ஆடினேன். சீ.

அதுவும் போகட்டும். சாப்பிட்டாரே. நானே தட்டில் போட்டேனே.

செப்டம்பர் 16, திங்கள்

இன்று சொல்லிவிடுவேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

சொல்லவில்லை. ஹிலாரியோவிடம் மட்டும் சொன்னேன். வாலைக் காட்டினேன். அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"சட்டப்படி தப்பு ஒண்ணும் இல்லையே."

"சட்டத்தை யாரு கேட்டா?"

"கூண்டைத் திறந்து வெச்சது யாரு? நீயா? வாயை மூடிக்கிட்டு இரு டெல்ஃபா. சந்தையில இன்னொண்ணு வாங்கிக் கொடுத்தா முடிஞ்சுபோச்சு." கொஞ்ச நேரம் கழித்து அவனே, "சுட்டதைக்கூடச் சொல்லிரலாம். தின்னதை எப்படிச் சொல்லுவ?" என்றான்.

அதுதான். அதுக்குத்தான் வாய் வரவில்லை.

செப்டம்பர் 18, புதன்

ருமால்தோ ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். சோளரொட்டிக் கடை, துணி துவைக்கிற கடை, கோயில் வாசல். "காணவில்லை: மாமியார். சிரிக்கும்." கீழே மங்கலாக ஒரு போட்டோ. ஊரே கேலி பண்ணுகிறது. பேருந்தை நிறுத்தும் இடத்தில் ஒருத்தன், "அவரு எதுக்கு மாமியாரைத் தேடுறாரு, எங்க வீட்டுல இருக்கறதைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போட்டோவில் கழுத்துப் பட்டைதான் தெரிகிறது. இந்த ஊரில் எந்தக் கம்பியைப் பார்த்தாலும் ஒரு பட்டைக்கழுத்து உட்கார்ந்திருக்கிறது. போன்மேல் போன் வருகிறதாம். சாயங்காலம் வண்டியை என் வாசலில் நிறுத்தி, "கொமாத்ரே, கூட வர்றீங்களா? எனக்குத் தூரத்துல தெரியாது. நீங்க சொன்னாத்தான் நம்புவேன்" என்றார்.

போனேன். என்ன செய்ய?

செப்டம்பர் 21, சனி

இன்றும் அவரோடு சுற்றினேன். பாதிரியார் வீட்டுப் பனை, தண்ணீர்த் தொட்டி, கால்வாய் மதகு, பெட்ரோல் பங்கின் கூரை. ஒவ்வொரு இடத்திலும் வண்டியிலிருந்து இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, சீட்டி அடிப்பார். பறவை பறந்துவிடும். அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் "இல்ல கொம்பாத்ரே, அடியில கறுப்பு" என்பேன்.

மத்தியானத்துக்கு மேல் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். "கறுப்பு... இதுவும் கறுப்பு." சந்தோஷம் வேறு. "இந்த வயசுல கத்துக் கொடுத்துட்டீங்களே. இத்தனை வருஷம் கூண்டைத் தூக்கிட்டு உங்க வகுப்புக்கு வந்திருக்கேன், ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டேனா?"

நான்தான் கத்துக்கொடுக்கிறேன். அவருடைய புறா எது என்று கண்டுபிடிக்க, நான்.

திரும்பும் வழியில் அவர்கள் வீட்டில் நிறுத்தியபோது லுடிவினா ஒரு பை நிறைய இனிப்பு ரொட்டி கொடுத்தாள், "எங்களுக்காக அலையறீங்களே" என்று. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். வாங்கிக்கொண்டேன். மேசைமேல் அப்படியே கிடக்கிறது. ஹிலாரியோ தின்கிறான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பேருந்தில் பிள்ளைகள்: "மாமியார் கிடைச்சாளா மிஸ்?"

"உட்காருங்க எல்லாரும்!" என்று கத்தினேன். என் சத்தத்துக்குப் பின்வரிசை வரைக்கும் கப்சிப். அந்தச் சத்தம் எங்கே வரணுமோ அங்கே வரமாட்டேன் என்கிறதே.

செப்டம்பர் 28, சனி

எழுதவே கூசுகிறது. எழுதித்தான் ஆகணும்.

பக்கத்து ஊர் சான் பெனிட்டோவிலிருந்து ஒரு அம்மாள் போனில் கூப்பிட்டாள். அவள் கோழிகளோடு ஒரு வெளிறின புறா வந்து தீனி தின்கிறதாம், சிரிக்கிறதாம். ருமால்தோ வழியெல்லாம் வேகமாக ஓட்டினார். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

கோழிக்கூட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. பாலில் டீ விட்ட நிறம். எங்களைப் பார்த்ததும் வாலை விரித்து இறங்கியது. அடிப்பக்கம் வெள்ளை. ஹெ ஹெ ஹெ. யாரோ வளர்த்தது, எங்கிருந்தோ தப்பி வந்தது. மாமியாரின் அதே ஜாதி. அடுத்தடுத்து நிற்க வைத்தால் எனக்கே தெரியாது.

ருமால்தோ பறவையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "கொமாத்ரே?" என்றார். அவ்வளவுதான். கண் கலங்கியிருந்தது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "அதே ஜாதிதான், அவளான்னு நீங்கதான் பார்க்கணும்" என்றாவது சொல்லியிருக்கலாம். அது உண்மையாவது.

"ஆமா கொம்பாத்ரே. அவளேதான்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். பறவையைப் பிடித்துத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். திரும்பும்போது நான்தான் வண்டி ஓட்டினேன். அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் காலைத் தடவினார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மனசு லேசாக இருந்தது. அதுதான் அசிங்கம். பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கோயிலில் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். டெல்ஃபினா கண்டுபிடித்தாளாம், டெல்ஃபினா கண்ணுக்கு எதுவும் தப்பாதாம். பாதிரியார் வேறு கை கொடுத்தார். ருமால்தோ தள்ளி நின்று தலையை மட்டும் ஆட்டினார்.

அக்டோபர் 3, வியாழன்

லுடிவினா பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தாள். காபி போட்டேன். உட்கார்ந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. ஆனா என்னால முடியல கொமாத்ரே. அது மாமியார் இல்ல."

கப்பைக் கீழே வைத்தேன்.

"மாமியாருக்கு இடது கால்ல பின்விரல் நகம் கிடையாது. குஞ்சா இருக்கறப்போ கூண்டுக் கதவுல மாட்டிப் போயிருச்சு. இதுக்கு நல்லா முழுசா இருக்கு. அவரு வண்டியிலயே பார்த்துட்டாராம்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'கொமாத்ரே அவ்வளவு உறுதியாச் சொன்னாங்க. தப்புன்னு தெரிஞ்சா ஒடிஞ்சுபோயிருவாங்க. அவங்களுக்குக் கண்ணுதான் எல்லாம். ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம், இதையே வளர்த்துக்கிட்டுப் போவோம்'னாரு." லுடிவினா என் முழங்கையைத் தட்டினாள். "உங்களுக்கும் தப்பு வருமா? எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷம்தான், கோவிச்சுக்காதீங்க."

கோவிச்சுக்கவில்லை.

அவள் போனதும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என் மானத்தைக் காப்பாற்றுகிறார். தன் புறா கிடைக்காத துக்கத்தையும் மென்று விழுங்கிக்கொண்டு, யாருடையதோ ஒரு பறவைக்குத் தீனி போட்டுக்கொண்டு, எனக்கு வெட்கம் வரக் கூடாது என்று. எனக்கு! கடவுளே, அவர் ரெண்டு அறை விட்டிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

அக்டோபர் 5, சனி

சொல்லிவிட்டேன்.

ஹிலாரியோ வாசல் வரை வந்து, "யோசிச்சுக்கோ" என்றான். "யோசிச்சது போதும்" என்றேன்.

பின்தாழ்வாரத்தில் டோமினோ பரப்பி வைத்திருந்தார். அந்தப் புதுப் புறா கூண்டில் சும்மா உட்கார்ந்திருந்தது. வாங்க கொமாத்ரே, உட்காருங்க, காபி? எதுவும் வேண்டாம் என்றேன். வாலைத் துணியிலிருந்து எடுத்து, கட்டைகளுக்கு நடுவே வைத்தேன். நான் எப்படியெல்லாமோ தொடங்க நினைத்திருந்தேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடுத்து, நான் கற்றுக்கொடுத்த மாதிரியே, ரெண்டு விரலால் விரித்துத் திருப்பினார்.

"வெள்ளை" என்றார்.

"ஆமா."

"எங்க கிடைச்சுது?"

"சூரியகாந்தி வயல்ல. முதல் நாள்."

"யாரு சுட்டது?"

"நான்."

"வாலைப் பார்க்கலையா?"

"இல்ல. கழுத்தைத்தான் பார்த்தேன்."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முதல் நாள்னா... அன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுல..."

"ஆமா கொம்பாத்ரே."

"நான் தின்னேனா?"

"எல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சு. எது எதுன்னு தெரியல. தின்னிருக்கலாம். யாரு வேணா தின்னிருக்கலாம். அப்போ எனக்குத் தெரியாது, சத்தியமா. மறுநாள்தான் தெரிஞ்சுது."

"மறுநாளே?"

"மறுநாளே."

அதைக் கேட்டதும்தான் அவருக்கு எல்லாம் கணக்குக்கு வந்தது. பனை, தண்ணீர்த் தொட்டி, மதகு. "அப்போ என்னோட வண்டியில வந்தீங்களே, தினமும்... சான் பெனிட்டோவுல அவளேதான்னு..."

"தெரிஞ்சேதான் சொன்னேன்."

கூண்டுக்குள் அது இறக்கையை உதறிக்கொண்டது. ருமால்தோ மெதுவாகச் சொன்னார்: "நான் என்னடான்னா, உங்க கண்ணு தப்பிருச்சேன்னு வருத்தப்பட்டேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு."

மன்னிப்பு கேட்டேன். ரெண்டு மூணு தடவை கேட்டேன். அவர் வாலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"வீட்டுக்குப் போங்க, டெல்ஃபினா" என்றார்.

கொமாத்ரே என்று சொல்லவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

கோயிலில் எப்போதும் எங்கள் பக்கத்தில் உட்காருவார்கள். இன்று எதிர்வரிசை. சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில் லுடிவினா தூரத்திலிருந்தே கையை உயர்த்தினாள். அவர் குனிந்துகொண்டார்.

எல்லாருக்கும் தெரிந்துவிட்டதா? தெரியவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் சொல்லியிருக்க மாட்டார். இன்னமும் சொல்லியிருக்க மாட்டார்.

நவம்பர் 2, சனி

கல்லறைக்குப் பூ கொண்டுபோனோம். அவர்களும் வந்திருந்தார்கள். இரண்டு வரிசை தள்ளி. மகள் போனில், "ஞானப்பா எப்படியிருக்காரு?" என்று கேட்டாள். "நல்லாயிருக்காரு" என்றேன். இன்னொரு பொய்.

நவம்பர் 28, வியாழன்

தேங்க்ஸ்கிவிங், நன்றி நாள். வருஷா வருஷம் அவர்களும் இங்கேதான் சாப்பிடுவார்கள். ஹிலாரியோ அவன் பாட்டுக்கு ரெண்டு நாற்காலியை அதிகமாகப் போட்டுவிட்டான். நான்தான் எடுத்து உள்ளே வைத்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

இரண்டாம் பருவம் திறந்தது. நான் போகவில்லை. ஹிலாரியோ வெறுங்கையோடு திரும்பினான். "ஒவ்வொண்ணா வாலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பார்த்து முடிக்கறதுக்குள்ள எல்லாம் போயிருச்சு" என்றான். நாங்கள் ரெண்டு பேரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்கப்புறம்.

டிசம்பர் 21, சனி

கிறிஸ்துமஸுக்குத் தமாலேக் கொழுக்கட்டை பிடிக்கிற நாள். மாவும் சோள மட்டையும் மேசை நிறைய. லுடிவினா வருவாளா என்று காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மட்டையில் மாவைத் தடவ ஆரம்பித்தாள். "அவரு வண்டியிலதான் இருக்காரு. இறங்க மாட்டேங்கறாரு" என்றாள்.

முதல் ஆவியில் வெந்ததை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு நானே போனேன். கண்ணாடியை இறக்கினார். தட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"என்ன கறி?" என்றார்.

"பன்னி. பன்னி மட்டும்தான்."

வாங்கிக்கொண்டார். மட்டையை உரித்து, ஊதி, ஒரு வாய் தின்றார். நான் போகவா நிற்கவா என்று தெரியாமல் நின்றேன். அவர் வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீங்க சுட்டீங்க, சரி. வெயில் கண்ணுல அடிச்சிருக்கும். பொய் சொன்னீங்க, அதையும் விடுங்க, பயந்துட்டீங்க. நான் தினம் ராத்திரி படுத்தா யோசிக்கறது அது இல்ல." வாயைத் துடைத்துக்கொண்டார். "ருசியா இருந்துச்சு டெல்ஃபினா. மறுபடி கேட்டு வாங்கித் தின்னேன். அதைத்தான் என்னால தாங்க முடியல."

அழுகை வந்துவிட்டது எனக்கு. தெருவில் நின்றுகொண்டு, மாவுக் கையோடு. அவர் என்னை அழவிட்டார். அப்புறம் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார். மாமியாரின் வால். அழகாக விரித்து, ஊசி குத்தி, கீழே அவருடைய கோணல் எழுத்தில் பெயர் எழுதியிருந்தது.

"உங்க பலகையில குத்துங்க. வகுப்புல காட்டுங்க. ஆனா பேரைச் சொல்லணும். யாரு சுட்டதுன்னும் சொல்லணும்."

"சொல்றேன்."

"எப்போ வகுப்பு?"

"ஜனவரி பதினொண்ணு."

கண்ணாடியை ஏற்றிவிட்டார். தட்டைத் திருப்பித் தரவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. ஹிலாரியோ, "படத்தைக் காட்டிட்டு வந்துரு, அவருக்கு எப்படித் தெரியப்போகுது" என்றான். தலையணையை எறிந்தேன்.

ஜனவரி 11, சனி

கூடம் நிறைய ஆட்கள். சிலர் புதுசு. அந்த டிராக்டர்க்கார மீசை இந்தத் தடவை மனைவியைச் சேர்க்கக் கூட்டி வந்திருந்தார். என்னைப் பார்த்துப் பயத்தோடு சிரித்தார்.

பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. ருமால்தோ. கையில் கூண்டு இல்லை. முட்டியை நீட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

பலகையைத் தூக்கி வைத்தேன். ரெண்டு வால், பூச்சி அரித்த பழையதும் இதுவும், பக்கத்தில் பக்கத்தில், மேல்பக்கம் தெரிய. எது என்ன என்று கேட்டேன். ரெண்டுமே பட்டைக்கழுத்து என்றார்கள். திருப்பிக் காட்டினேன். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. மீசைக்காரர் கையைத் தூக்கி, "அந்த வெள்ளை யாரோடது டீச்சர்? கீழ என்னமோ எழுதியிருக்கே" என்றார்.

"மாமியார்" என்றேன். சிரித்தார்கள். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்தேன். காது சுட்டது. "என் கொம்பாத்ரே வளர்த்த புறா. கழுத்தை மட்டும் பார்த்துட்டு நான் சுட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மீசைக்காரர் கையை இறக்கினார். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, பேருந்தில் கத்துகிற குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

கடைசி வரிசையிலிருந்து ருமால்தோ சொன்னார்: "சத்தமாச் சொல்லுங்க கொமாத்ரே. இங்க கேக்கல."

இன்னொரு தடவை சொன்னேன்.